பிருந்தாவின் பார்லித் தண்ணீர்

ராஸ் அல் கைமாவுக்கு வந்த பத்தொன்பது வருஷத்தில் பிருந்தா ஒரு நாள்கூட வேலைக்குப் போனதில்லை. கோயம்புத்தூரில் நுண்ணுயிரியலில் முதுகலை முடித்து, ஒரு பால் நிறுவனத்தின் ஆய்வகத்தில் எட்டு மாதம் தயிரையும் மோரையும் சோதித்துக்கொண்டிருந்தவள். கல்யாணம் அவளை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. கணவர் ஸ்ரீனிவாசனுக்கு சிமெண்ட் ஆலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை. வந்த முதல் வருஷம் அவளும் வேலை தேடிப் பார்த்தாள். இரண்டாம் வருஷம் அக்ஷய் பிறந்தான். அதற்குப் பிறகு டிபன் டப்பா, ஸ்கூல் பஸ், டியூஷன் என்று காலம் போன வேகம் அவளுக்கே தெரியவில்லை.

போன ஆகஸ்டில் அக்ஷய் இஞ்சினியரிங் படிக்கக் கோவைக்குப் போய்விட்டான். காலை ஐந்தரைக்கு ஸ்ரீனிவாசன் கம்பெனி பஸ் ஏறினால், மாலை நான்கு மணி வரை மூன்றாவது மாடி வீட்டில் பிருந்தா தனியாக இருந்தாள். அலமாரிகளை அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். மகனுக்கு போன் செய்தால், "அம்மா, ஐ அம் இன் க்ளாஸ்" என்பான்.

ஸ்ரீனிவாசன் வார விடுமுறைக்கு முந்தின நாள் மாலை ஒரே ஒரு கேன் பீர் குடிப்பார். அதற்கு மேல் ஆசையும் இல்லை, கெட்ட பழக்கமும் இல்லை. மார்ச்சில் ஒருநாள் காலி கேனைக் குப்பையில் போடப்போன பிருந்தா, அதில் அச்சடித்திருந்ததைப் படித்தபடி நின்றுவிட்டாள்.

"இதுல நாலே சாமான்தாங்க இருக்கு."

"எதுல?"

"உங்க பீர்ல. தண்ணி, முளைகட்டின பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட். அக்ஷய்க்கு சத்துமாவு செய்யறதுக்கு கேழ்வரகு முளைகட்டினோமே, பாதி வேலை அதேதான்."

"அதுக்கு என்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."

சும்மா சொல்லவில்லை. மறுவாரம் தீவனக் கடைக்குப் போய், ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் மூட்டை மூட்டையாக விற்கும் முழு பார்லியில் ஐந்து கிலோ வாங்கிவந்தாள். ஊறவைத்தாள், வடித்தாள், ஈரத்துணியில் கட்டி ஏசி அறையில் பரப்பினாள். நான்காம் நாள் வெள்ளை வெள்ளையாக வேர் விட்டது. பால்கனி வெயிலில் ஒரே நாளில் முறுமுறுவென்று காய்ந்தது. கையால் தேய்த்து வேரை உதிர்த்துவிட்டு ஒரு மணியை வாயில் போட்டு மென்றாள். இனித்தது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளைப் பற்றிக் கல்லூரியில் பத்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதியிருக்கிறாள். அது நாக்கில் நடப்பதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தாள்.

வீட்டில் மது காய்ச்சுவது இந்த நாட்டில் குற்றம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். விசா, வேலை, மகன் படிப்பு எல்லாமே ஸ்ரீனிவாசனின் பெயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது என்ன விளையாட்டு?" என்றார் அவர்.

"குடிக்கறதுக்கு இல்லீங்க. எனக்கு ஒரு வாய்க்கு மேல எறங்காதுன்னு உங்களுக்கே தெரியும். வருதான்னு பாக்கணும், அவ்வளவுதான்."

"ஒரே ஒரு தடவை. அதோட விட்டுரணும்."

"சரிங்க."

அவள் முகத்தில் பல வருஷமாகப் பார்க்காத ஒரு வெளிச்சம் தெரிந்ததால்தான் சரி என்றேன் என்று ஸ்ரீனிவாசன் பின்னால் ஒருமுறை சொன்னார். ஆனால் அந்த ஒரு தடவை சரியாக வரவில்லை. முளைகட்டிய பார்லியை மிக்ஸியில் ரவை பதத்துக்கு உடைத்து, பெரிய பாத்திரத்தில் வெந்நீரில் கலந்து, கம்பளி சுற்றி ஒரு மணி நேரம் வைக்கவேண்டும். தண்ணீரின் சூடு அறுபத்தைந்து டிகிரி பக்கத்தில் நிற்கவேண்டும். அவளிடம் இருந்தது சமையல் வெப்பமானி ஒன்று. அது பதினைந்து டிகிரி குறைத்துக் காட்டும் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு மணி நேரம் கழித்து ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டு, முதலுதவிப் பெட்டியில் இருந்த அயோடினை அதன்மேல் விட்டாள். கருநீலமாக மாறியது. மாவு மாவாகவே இருக்கிறது, சர்க்கரை ஆகவில்லை என்று அர்த்தம். சூடு அதிகமாகி நொதிகள் செத்துவிட்டன. பத்து லிட்டர் கூழை அவள் வடிகட்டிக் கழிப்பறையில் கொட்டினாள்.

மிச்சமானது சக்கை. மூன்றரை கிலோ ஈர உமி. அதைப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டி அறையில் வைத்தாள். ஏப்ரல் வெயிலுக்கு அது ஒரே பகலில் புளித்துப் பொங்கியது.

மறுநாள் காலை அழைப்பு மணி அடித்தது. கலீலுர் ரஹ்மான் நின்றார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். அந்தக் கட்டடத்தில் பதினோரு வருஷமாக வாட்ச்மேன். தரைத்தளத்தில் கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி அவருக்கு ஒரு சின்ன அறை. கட்டடத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் அவர் பாய்.

"ஒண்ணுமில்லம்மா, குப்பை ரூம்ல ஒரு பை இருந்துச்சு. புளிச்ச வாடை லிஃப்ட்டு வரைக்கும் வருது. உங்க வீட்டுப் பையான்னு கேக்க வந்தேன்."

பிருந்தா கதவை இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டாள். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"பார்லிக் கஞ்சி வச்சேன் பாய். சாருக்குக் கிட்னியில கல்லு. டாக்டர் பார்லித் தண்ணி குடிக்கச் சொல்லியிருக்காங்க. அந்தச் சக்கைதான்."

பாயின் முகம் மாறிவிட்டது. "அடடா. கல்லு வலி பொல்லாதும்மா. என் மச்சானுக்கு வந்துச்சு, சுருண்டு சுருண்டு படுப்பான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சக்கையக் குப்பையில போடாதீங்க. ஓனர் தோட்டத்துல ஆடு நிக்குது. சாயங்காலம் டிரைவர் வருவாரு, குடுத்து விடுறேன். வாளியில போட்டு எங்கிட்ட குடுத்துருங்க" என்றார்.

அன்றிலிருந்து பாய் அவளைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டார்: "சாருக்கு இப்ப எப்படிம்மா? கல்லு கரையுதா?"

"பரவாயில்ல பாய்."

"அஞ்சு வக்துத் தொழுகையிலயும் துவா கேக்குறேம்மா. அல்லா லேசாக்கி வைப்பான்."

அவள் தலையை ஆட்டிவிட்டு லிஃப்டுக்குள் போய்விடுவாள். அன்றைக்கே ஸ்ரீனிவாசனிடம் இதைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. சக்கை ஆட்டுக்குப் போகிறது என்று மட்டும் சொன்னாள். தனக்குச் சிறுநீரகக் கல் இருப்பதாகக் கட்டடத்தின் வாட்ச்மேன் தினமும் வேண்டிக்கொள்கிறார் என்பது அவருக்குத் தெரியாது.

மே மாதம் பாய் ஊருக்கு லீவில் போனார். ஜூனில் திரும்பியதும் நேராக மூன்றாவது மாடிக்கு வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினார். உள்ளே காய்ந்த நெருஞ்சி முள்.

"எங்க ஊர்ப் பக்கம் கல்லுக்கு இதத்தான் குடுப்பாக. தட்டிப் போட்டுக் கொதிக்க வச்சு வெறும் வயித்துல குடிக்கச் சொல்லுங்க. ஏர்போர்ட்ல பிரிச்சுப் பாத்தானுவ, மருந்துன்னு சொன்னேன், விட்டுட்டான்."

பிருந்தா அதை வாங்கி சமையலறை மேல்தட்டில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். அந்த அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அவள் கை ஒரு நொடி தயங்கும். ஆனாலும் மூன்றாம் தடவைக்கான பார்லி அப்போது முளைவிட்டுக்கொண்டிருந்தது.

நடுவில் இரண்டாம் தடவையும் போயிற்று. ஒரு தடவையாவது சரியாக வரட்டும் என்று ஸ்ரீனிவாசனும் தடுக்கவில்லை. அயோடின் சோதனை தேறியது. ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைத் தூக்கத்துக்கான மூலிகைத் தேநீர் என்று ஆன்லைனில் விற்கிறார்கள். அதை வாங்கிப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டாள். ஆறவைப்பதில்தான் கோட்டை விட்டாள். இங்கே ஜூனில் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீரே கை சுடும். எதில் ஆறவைப்பது? அப்படியே மூடிவைத்தாள். ஆறுவதற்குள் வேண்டாத கிருமி புகுந்து ஒரு வாரத்தில் புளித்துப்போனது. ஸ்ரீனிவாசன் ஒரு வாய் வைத்துவிட்டு, "ரசம் மாதிரி இருக்கு" என்றார். அவளுக்கு வாசனையிலேயே தெரிந்துவிட்டது. பால் ஆய்வகத்தில் அவள் எட்டு மாதம் கூடவே இருந்த அதே தயிர்க் கிருமிதான்.

மூன்றாம் தடவைக்கு அவள் எல்லாவற்றையும் மாற்றினாள். மகனின் பழைய ஸ்கூல் நோட்டு ஒன்றில் நேரமும் சூடும் எழுதினாள். ஃப்ரீசர் முழுக்க ஐஸ் செய்து குளியல் தொட்டியில் கொட்டி, பாத்திரத்தை அதில் இறக்கி அரை மணியில் ஆறவைத்தாள். குடிதண்ணீர் வரும் இருபது லிட்டர் கேன் ஒன்றை நன்றாகக் கழுவி அதில் ஊற்றினாள். அக்காள் மகன் பெங்களூரிலிருந்து சாம்பார் பொடிப் பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பிய ஈஸ்டைத் தூவினாள். கேன் வாயை அடைத்து ஒரு டியூபைச் சொருகி, மறுமுனையைத் தண்ணீர்ப் பாட்டிலில் விட்டாள். வேலைக்காரர் அறை என்று கட்டியிருந்த, யாரும் தங்காத சின்ன அறையில் ஏசி போட்டு வைத்தாள்.

மறுநாள் காலை அங்கிருந்து ஒரு சத்தம். பளக். சில நொடிகள் விட்டு மறுபடி பளக். டியூபின் வழியே காற்றுக்குமிழி வந்து உடைந்துகொண்டிருந்தது. பிருந்தா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்தாள். கேனின் மேற்பகுதியில் பாலாடை போல நுரை எழும்பி நின்றது. அடியில் ஏதேதோ சுழன்றது. புளிப்பு வாடை இல்லை. ரொட்டியும் ஆரஞ்சுத் தோலும் கலந்த மாதிரி ஒரு மணம். மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

நான்காம் நாள் லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கட்டடத்தின் ஏசி குழாய்கள் எல்லாவற்றையும் சுத்தம் செய்யப்போகிறார்கள். இரண்டு நாள் வேலை. எல்லா வீட்டிலும் எல்லா அறையையும் திறந்துவிடவேண்டும்.

"கொட்டிரு" என்றார் ஸ்ரீனிவாசன்.

"இன்னும் ஒரு வாரம்தாங்க. நல்லா வந்துட்டு இருக்கு."

"பிருந்தா, நாலு பேர் உள்ள வருவான். கூட சூப்பர்வைசர் வருவான். நாளைக்குப் பதில் சொல்லப் போறது நான். கொட்டிரு."

"சரிங்க. கொட்டிடறேன்."

அவர் டியூட்டிக்குப் போனதும் அவள் கேனைக் கழிப்பறை வரை உருட்டிக்கொண்டு போனாள். வாயிலிருந்த அடைப்பைத் திறக்கக் கை வைத்தாள். பளக் என்றது. அவளால் முடியவில்லை. பத்தொன்பது வருஷத்தில் நான் செய்த வேலை என்று காட்ட எனக்கு வேறென்ன இருந்தது என்று பின்னால் அவள் கேட்டாள். அதுவே ஒரு சாக்குதான் என்றும் அவளே சொன்னாள்.

கேனைப் பழைய போர்வையில் சுற்றி, சூட்கேஸ் தள்ளும் வண்டியில் வைத்து லிஃப்டில் இறக்கினாள். பாய் தன் அறை வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், இது சாரோட பார்லி மருந்து. கொஞ்சம் புளிக்க வைக்கணும்னு சொல்லியிருக்காங்க. வீட்ல ஏசி வேலை நடக்குதுல்ல, தூசி விழுந்துரும். ரெண்டு நாள் உங்க ஸ்டோர் ரூம்ல இருக்கட்டுமா?"

"ஸ்டோர்ல வெக்கை தாங்காதும்மா, கெட்டுப்போகும். என் ரூம்ல வைங்க. ஏசி ஓடுது."

"டியூபை மட்டும் எடுத்துராதீங்க."

"நான் ஏம்மா தொடுறேன். மருந்து."

அவரே அதைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்.

ஏசி ஆட்கள் இரண்டு நாள் மாடி மாடியாக வந்தார்கள். பிருந்தாவின் வீட்டில் அரை மணி நேரம் கூட இல்லை. சின்ன அறையில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் பெருமூச்சு விட்டாள். வாட்ச்மேன் அறையிலும் ஒரு ஏசி இருக்கிறது, கடைசியில் அங்கேயும் வருவார்கள் என்பது அவள் புத்தியில் உறைக்கவே இல்லை.

இரண்டாம் நாள் நாலேகால் மணிக்கு அழைப்பு மணி அடித்தது. ஸ்ரீனிவாசன் அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்து காப்பிக்காக உட்கார்ந்திருந்தார். அவரே போய்க் கதவைத் திறந்தார். வெளியே கட்டடத்தைப் பராமரிக்கும் கம்பெனியின் சூப்பர்வைசர் சாகிர் நின்றார். பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசுவார். அவருக்குப் பின்னால் ஏசி ஆள் ஒருவன் கேனைச் சுமந்துகொண்டு நின்றான். பக்கத்தில் கலீலுர் ரஹ்மான். அவர் முகத்தில் பயம் இல்லை. இப்போது எல்லாம் தெளிந்துவிடும் என்ற நிம்மதிதான் இருந்தது.

"சாரி சார், தொந்தரவு" என்றார் சாகிர். "ஒரே ஒரு கேள்வி. உங்களுக்குக் கிட்னி ஸ்டோன் இருக்கா?"

"எனக்கா? இல்லையே. ஏன்?"

பாய் திரும்பி ஸ்ரீனிவாசனைப் பார்த்தார்.

"இந்தக் கேன் இவர் ரூம்ல இருந்தது. நான் மோந்து பாத்தேன், இது என்னன்னு எனக்குத் தெரியும். இவர் சொல்றார், உங்க வீட்டுக் கஞ்சின்னு. உங்க மருந்துன்னு."

ஸ்ரீனிவாசன் கேனைப் பார்த்தார். போர்வையைப் பார்த்தார். அக்ஷய் பள்ளிக்கூட நாட்களில் போர்த்திய நீலக் கோடு போட்ட போர்வை. அது எந்தக் கேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"இது எங்க வீட்டுது இல்ல."

பிருந்தா கூடத்தின் நடுவில் காப்பி டம்ளரோடு நின்றிருந்தாள். கதவுக்கும் அவளுக்கும் எட்டடி தூரம் இருக்கும்.

"அம்மா" என்றார் பாய். "நீங்க சொல்லுங்கம்மா. நேத்துக் காலையில நீங்கதானே..."

அவள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை என்று சொன்னால் அது உண்மை இல்லை. குரல் இருந்தது. கணவரின் முதுகு இருந்தது. கோவை ஹாஸ்டலில் அக்ஷய் இருந்தான். அவள் பேசாமல் நின்றாள். காப்பி டம்ளரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சரி சார்" என்றார் சாகிர். "கலாஸ், முடிஞ்சுது. சாரி."

கதவு மூடியது. லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டது. ஸ்ரீனிவாசன் சோபாவில் உட்கார்ந்தார். 

"கொட்டிடறேன்னு சொன்னே."

"ஆமாங்க."

"கிட்னி ஸ்டோன்னு யார் சொன்னது?"

அவள் ஏப்ரலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். நெருஞ்சி முள்ளைப் பற்றியும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்த ஆள் என்னை ஒரு பார்வை பார்த்தாரு. இப்பத்தான் புரியுது" என்றார். பிறகு, "நான் வேற என்ன சொல்லியிருக்க முடியும்? சொன்னா அடுத்த வாரம் மூணு பேருக்கும் இங்க ஒண்ணும் இல்ல. இதைப் பத்தி இனிமே பேச வேண்டாம்" என்றார்.

விஷயம் போலீஸுக்குப் போகவில்லை. கட்டடத்தின் பெயர் கெடுவதை ஓனர் விரும்பவில்லை. கேனைக் கொட்டிக் கழுவிவிட்டார்கள். கலீலுர் ரஹ்மானின் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. அவர் வயதில் திரும்பவும் வேறு விசாவில் வருவது நடக்காத காரியம். ஐந்தாம் மாடியில் இருந்த அஃபீஃபா என்ற பெண் லிஃப்டில் பிருந்தாவிடம் இதையெல்லாம் சொன்னாள். "இத்தனை வருஷம் தொழுகை தொழுகைன்னு இருந்த ஆளு, கடைசியில இப்படி. யாரைத்தான் நம்பறதோ" என்றாள். பிருந்தா தன் மாடி வந்தும் இறங்க மறந்து ஐந்தாம் மாடி வரை போனாள்.

இரண்டு நாள் அவளால் சாப்பிட முடியவில்லை. ஸ்ரீனிவாசனும் பாதித் தட்டோடு எழுந்தார். அவர் கெட்டவர் இல்லை. பாயின் வீட்டுக்கு மாதாமாதம் ஏதாவது அனுப்பலாம் என்றார்.  மூன்றாம் நாள் காலை, அவர் பஸ் ஏறிய பிறகு, அவள் டாக்ஸி பிடித்து சாகிரின் ஆபீஸுக்குப் போனாள்.

"அந்தக் கேன் என்னுது" என்றாள். உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டாள். "நான்தான் செஞ்சேன். பாய்க்கு அது என்னன்னே தெரியாது. மருந்துன்னு பொய் சொல்லிக் குடுத்தேன். என் வீட்டுக்காரருக்கும் தெரியாது, அதைக் கொட்டிட்டேன்னுதான் அவர் நெனச்சிட்டு இருந்தார்."

சாகிர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மேடம், நான் இதைக் கேக்கலன்னு வச்சுக்கங்க. வீட்டுக்குப் போங்க."

"கேட்டுட்டீங்க."

"வீட்டு கான்ட்ராக்ட் சார் பேர்ல இருக்கு. நான் எழுதினா அவர் பேரைத்தான் எழுதணும். பையன் படிக்கறான்ல?" மேசையிலிருந்த பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "சொல்லுங்க. எழுதட்டுமா?"

பிருந்தா அந்தப் பேனாவைப் பார்த்தாள்.

"எழுதுங்க" என்றாள்.

 சாகிர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருஷம். ஒருத்தன் மேல பழி போட்டுட்டுப் போன ஆளுங்களைத்தான் நிறைய பாத்திருக்கேன்" என்றார். "எழுதல. ஒரு மாசத்துல நீங்க வீட்டைக் காலி பண்ணணும். காரணம் கேட்டா நீங்களே ஏதாவது சொல்லிக்கங்க. பாயை ஊருக்கு அனுப்ப மாட்டேன். ஆனா அந்த பில்டிங்ல இனி வைக்க முடியாது, ஆளாளுக்குப் பேசிட்டாங்க. துபாய்ல அல் கூஸ்ல நம்ம கோடவுன் இருக்கு. அங்க போகட்டும்."

"அவர் மேல தப்பில்லன்னு பில்டிங்ல சொல்லுவீங்களா?"

"அப்ப யார் மேலன்னு கேப்பாங்க மேடம்."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் முற்பகலில் அவள் தரைத்தளத்துக்குப் போனாள். பாயின் அறைக் கதவு திறந்திருந்தது. கட்டில் மேல் ஒரு பெட்டி. அவர் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷம் தனி அறையில் இருந்தவர். அல் கூஸில் ஆறு பேர் தங்கும் அறை.

"பாய்" என்றாள் வாசலில் நின்று. அவர் நிமிர்ந்து பார்த்தார். உள்ளே வரச் சொல்லவில்லை.

அவள் சொல்லி முடிக்கும் வரை அவர் ஒரு சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"சாகிர் சொன்னாரு" என்றார். "நீங்க போய்ப் பேசினீங்கன்னு. நல்லது."

"என்னை மன்னிச்சிருங்க பாய்."

 அவர் சட்டையை மறுபடி மடித்தார். "ரூம்ல எடமே இல்லம்மா, பாருங்க. கட்டிலுக்கும் தொழுகை விரிப்புக்கும் நடுவுலதான் அத வச்சிருந்தேன். விடிகாலை பஜ்ரு தொழுகைக்கு எந்திரிச்சா பளக் பளக்குன்னு சத்தம். சாரோட மருந்து, நகட்டுனா எதுவும் ஆயிருமோன்னு பக்கத்துலயே நின்னு தொழுதேன்."

பிருந்தா கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த அந்த இடத்தைப் பார்த்தாள்.

"அது போகட்டும். தெரியாம நடந்தத அல்லா புடிக்க மாட்டான். மூணு மாசம் துவா கேட்டேன்மா. பேரச் சொல்லி, ஸ்ரீனிவாசன் சாருக்குன்னு சொல்லி. இல்லாத கல்லுக்கு." அவர் குரல் உயரவே இல்லை. "ஒரு நாள் சொல்லியிருக்கலாம்ல. வேணாம் பாய், சரியாப்போச்சுன்னு ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்."

வெளியே யாரோ காரை எடுத்தார்கள். 

"ஆட்டுக்குக் குடுத்த சக்கை?" என்று திடீரென்று கேட்டார். "அதுல ஒண்ணும் இருந்துச்சா? ஓனர் வீட்டுல அந்தப் பாலக் குடிக்கிறாக."

"இல்ல பாய். சத்தியமா இல்ல. ஈஸ்ட் போடறதுக்கு முன்னாடியே சக்கையை வடிச்சிருவேன். அது வெறும் வெந்த பார்லி."

"நீங்க சொன்னா சரியா இருக்கும்." பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார். "முன்னாடியும் அப்படித்தான் நெனச்சேன்."

ஸ்ரீனிவாசனிடம் அன்று மாலை அவளே எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டைக் காலி செய்யவேண்டும் என்பதை அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். மாற்று வீடு தேடினார், சாமான் கட்டினார், வண்டி பிடித்தார். ஊரின் மறுகோடியில் கொஞ்சம் சின்ன வீடு. அலுவலகத்தில் கேட்டவர்களுக்குப் பழைய கட்டடத்தில் லிஃப்ட் சரியில்லை என்று சொன்னார். பெரிய பாத்திரத்தையும் வெப்பமானியையும் பிருந்தா குப்பையில் போட்டாள். முளைகட்டிய பார்லி இரண்டு கிலோ மிச்சம் இருந்தது. அதை மாவாக அரைத்து அடையில் சேர்த்துத் தீர்த்தாள்.

புது வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு மாலை காரில் வரும்போது, சிக்னலில் நின்றிருக்கையில் அவர் கேட்டார்.

"எழுதட்டுமான்னு சாகிர் கேட்டப்ப, அக்ஷய் ஞாபகம் வந்தானா?"

"வந்தான்."

"நான்?"

"நீங்களும்."

"அப்பவும் எழுதுங்கன்னு சொன்னே."

"ஆமாங்க."

அவர் தலையை ஆட்டினார். பச்சை விளக்கு விழுந்தது. அதற்குப் பிறகு அவர் அதைக் கேட்டதில்லை. சண்டை இல்லை. ஆனால் சம்பளம் வந்த செய்தி, ஆலையில் நடந்த விஷயம் என்று முன்பு தானாகச் சொல்வதையெல்லாம் இப்போது அவள் கேட்டால்தான் சொல்கிறார். விடுமுறைக்கு முந்தின நாள் மாலை பீர் கேன் வாங்குவதையும் விட்டுவிட்டார். ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

நோன்புப் பெருநாள் அன்று காலை பிருந்தா கலீலுர் ரஹ்மானுக்கு போன் செய்தாள். நாலைந்து முறை மணி அடித்த பிறகு எடுத்தார். பின்னால் ஆட்களின் பேச்சும் ஏதோ லாரி ரிவர்ஸில் வரும் சத்தமும் கேட்டன.

"பெருநாள் வாழ்த்துக்கள் பாய். பிருந்தா பேசறேன்."

"ஆ, சொல்லுங்கம்மா. நல்லா இருக்கீங்களா?"

"இருக்கோம் பாய். நீங்க?"

"இருக்கேன். டியூட்டில நிக்கிறேன்மா. அப்புறம் பேசுறேன்."

அவர் திரும்ப அழைக்கவில்லை. அன்று மாலை வரை அவள் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். யாருக்கு போன் செய்தாய் என்று ஸ்ரீனிவாசன் கேட்டார். சொன்னாள்.

"எடுத்தாரா?"

"எடுத்தார்."

அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "சரி, சாப்பாடு போடு" என்றார். அவள் எழுந்து போய்த் தட்டு வைத்தாள். நெடுநாளைக்குப் பிறகு அன்று ஸ்ரீனிவாசன் தானாகவே, ஆலையில் ஒரு பெரிய மோட்டார் எரிந்துபோன கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அவள் அவருக்குச் சோறு வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.